இருளும் அசைவும்: எந்தக் கேமராவை வாங்குவது?

ஃபுல் ஃப்ரேம் கேமராவே கலைஞனுக்குரியது, கிராப் சென்சார் கேமரா கற்றுக்குட்டிக்குரியது என்றொரு நம்பிக்கை இளைஞரிடையே வேரூன்றியிருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களின் கோயிலையும் கூத்தையும் பறவைகளையும் பதிவுசெய்ய விரும்பும் மாணவர் சிலர் இதனாலேயே தவணைக் கடனில் விழுகின்றனர். வேறு சிலர், அது வாங்கும் நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று வாளாவிருந்துவிடுகின்றனர். இரண்டாவது இழப்பே பெரிதென்பது நம் கருத்து.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் பழைய ஃபிலிமின் அளவினது: 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5 மி.மீ. அகலமும் 15.6 மி.மீ. உயரமும் உடையது. பரப்பில் முன்னது இருமடங்கிற்கும் மேல். ஆதலால் மங்கிய ஒளியில் எடுக்கும் படங்களில் அதற்கு இரைச்சல் குறைவு. இதை மறுப்பதற்கில்லை. அந்தக் கூடுதல் ஒளி நமக்கு எங்கே தேவைப்படுகிறது என்பதே கேள்வி.

விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில், இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலின் சிற்றறை ஒன்றில் உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டு வண்ணத்தின்மேல் ஃப்ளாஷ் அடித்தல் தகாது. அறை மங்கலானது என்றதும் ஃபுல் ஃப்ரேமை நாடுவோர் ஒன்றை மறக்கின்றனர்: சுவரோவியம் அசைவதில்லை. உரிய அனுமதி பெற்று, கேமராவை முக்காலியில் நிறுத்திச் சில நொடிகள் ஒளி விழவிட்டால், சிறிய சென்சாரே போதும். இடம் குறுகலாயின் 24 மி.மீ. லென்ஸுக்குப் பதிலாக 16 மி.மீ. லென்ஸ் வேண்டும், அவ்வளவே.

திண்டிவனத்திற்குத் தென்கிழக்கே மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கிறது கழுவேலி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஈரநிலம் அது. பகலில் அங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை, தொலைவே தடை. கிராப் சென்சாரில் 300 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 450 மி.மீ. லென்ஸ் காட்டும் அளவுக்கே காட்சியைக் காட்டும். பறவை அருகில் வந்துவிடுவதில்லை. காட்சியின் நடுப்பகுதி மட்டும் பதிவாகிறது. எனினும் ஃபுல் ஃப்ரேமில் அதே சட்டகத்தை நிரப்ப, இன்னும் நீண்ட, கனத்த, விலைமிக்க லென்ஸைச் சுமக்க வேண்டும்.

தெருக்கூத்தின் கதை வேறு. நள்ளிரவில், விளக்கொளியில், கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்து சுழலும் கலைஞரை எடுக்க முக்காலி உதவாது. இருளும் அசைவும் ஒருங்கே எதிர்ப்படும் இவ்விடத்தில்தான் ஃபுல் ஃப்ரேம் தன் விலைக்கு நியாயம் சொல்கிறது. இங்கும்கூட, எஃப் 1.8 லென்ஸ் பூட்டிய கிராப் கேமரா, எஃப் 2.8 ஜூம் லென்ஸ் பூட்டிய ஃபுல் ஃப்ரேமுக்கு இரைச்சலைப் பொறுத்தவரை ஏறத்தாழ நிகராக நிற்கும்.

எனவே கடைக்குச் செல்லுமுன் நாம் எடுக்கப்போகும் பொருளை நோக்கி இரண்டு கேள்விகள் கேட்போம்: அது இருளில் இருக்கிறதா? அது அசைகிறதா? இரண்டுக்கும் ஆம் என்பது விடையாகி, அதுவே நம் நெடுநாள் பணியுமாயின் ஃபுல் ஃப்ரேம் வாங்கலாம். அன்றேல் பணத்தை நல்ல லென்ஸிலும் உறுதியான முக்காலியிலும் இடுவதே அறிவுடைமை. யாப்பில் குறளடி நெடிலடிக்குத் தாழ்ந்ததன்று. பொருளுக்கேற்ப அடி அமைகிறது. கேமராவுக்கும் அதுவே விதி. பனமலையின் வண்ணம் நம் தவணை முடியும்வரை காத்திராது.