செவிலிக்கு வயது வரம்பா?

தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்கிறது. தோழியே மணப்பருவத்துப் பெண் என்றால், அவளைப் பெற்று, தலைவியையும் வளர்த்தெடுத்த செவிலிக்கு என்ன வயது இருந்திருக்கும்? உடன்போக்கில் சென்ற மகளைத் தேடிப் பாலைநிலத்தில் நடப்பவள் அவள். மணமான மகளின் இல்லறத்தைக் கண்டுவந்து நற்றாய்க்குச் சொல்பவளும் அவளே. தான் பெறாத உயிரைத் தன்னுயிர்போலப் பேணும், வாழ்க்கையைப் பார்த்த நடுவயதுப் பெண் என்பதே இலக்கியம் காட்டும் செவிலியின் உருவம். மருத்துவமனைப் பணிக்கு ஒரு தமிழ்ச்சொல் தேவைப்பட்டபோது நம்மவர் இந்தச் சொல்லைத்தான் எடுத்துக் கொடுத்தனர். நர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் ஊட்டி வளர்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்ததே.

அந்தச் செவிலி இன்று செவிலியர் பள்ளிக்கு விண்ணப்பித்தால் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்படுவாள். இந்தியச் செவிலியர் மன்றத்தின் விதிப்படி, மூன்றாண்டு ஜி.என்.எம். படிப்பில் சேர்வதற்கு வயது 17 முதல் 35 வரை. ஏ.என்.எம். படிப்புக்கும் அதே வரம்புதான். ஏ.என்.எம். முடித்தவர் ஜி.என்.எம்.-இல் சேர வயதுத் தடை இல்லை என்று விதி ஒரு சலுகை தருகிறது. ஆனால் அந்த ஏ.என்.எம். கதவும் 35-இல் மூடிவிடுவதால், புதிதாக வருபவருக்கு அச்சலுகையால் பயன் ஏதும் இல்லை.

செவிலிக்கு இலக்கணம் செய்த அதே நூலின் பாயிரம், தமிழ்கூறு நல்லுலகின் வட எல்லையாக வேங்கடத்தைச் சொல்கிறது. அந்த வேங்கடத்தின் அடிவாரத்தில்தான் இன்று திருப்பதியின் ரூயா அரசு மருத்துவமனையும் ஸ்விம்ஸ் நிறுவனமும் இருக்கின்றன. அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவில் சித்தூர். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. எல்லைகள் எத்தனை முறை மாறினாலும், வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன.

அப்படியொரு குடும்பத்தில் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். தோத்தாபுரி மாம்பழப் பருவத்தில் சித்தூர் மாங்கூழ் ஆலையில் வேலை. மற்ற மாதங்களில் கிடைத்த வேலை. மாமியாரின் பக்கவாதத்தை ஆறாண்டு படுக்கையருகே நின்று பார்த்தவர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். இனியாவது ஒரு தொழில் கற்க வேண்டும் என்று நினைக்கிறார். ஜி.என்.எம். விதியோ, பள்ளிப் படிப்பை இடையில் விட்டுப் பின்னர்த் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவரையும் ஏற்றுக்கொள்கிறது. அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. திறந்தநிலைப் பள்ளிக்குச் செல்பவர் யார்? பதினாறில் மணம் முடித்து, முப்பதைத் தாண்டிப் புத்தகத்தைத் திறந்தவர்களும் அவர்களுள் உண்டு. தாமதமாகப் படித்தவரை ஒரு வரியில் வரவேற்றுவிட்டு, தாமதமாக வந்தார் என்பதற்காகவே அடுத்த வரியில் வெளியேற்றும் விதி இது.

இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் மூன்று.

முதலாவது, அரசு செலவிட்டுக் கற்பிக்கும் கல்விக்கு ஈடான சேவைக்காலம் கிடைக்காது என்பது. ஆந்திர அரசு ஊழியரின் ஓய்வு வயது 2022 முதல் 62. முப்பத்தெட்டில் சேர்பவர் நாற்பத்தொன்றில் படிப்பை முடிப்பார். அதன்பின் இருபத்தோர் ஆண்டுகள் மிச்சம் இருக்கும். இருபத்தொரு வயதில் படிப்பை முடித்து, சில ஆண்டுகளில் வெளிநாட்டுக்குச் சென்றுவிடும் செவிலியர் குறைவா? அவர்கள் செல்வது அவர்கள் உரிமை. ஆனால் சொந்த ஊரிலேயே வேரூன்றி நிற்கப்போகும் ஒருவரைச் சேவைக்காலம் பேசித் தடுப்பது எந்தக் கணக்கு?

இரண்டாவது, உடல் தாங்காது என்பது. அரசு மருத்துவமனைகளில் நோயாளியைத் தூக்கி அமர்த்துபவர் யார், மலச்சட்டி மாற்றுபவர் யார், இரவெல்லாம் கூடம் துடைப்பவர் யார்? பெரும்பாலும் நாற்பதும் ஐம்பதும் கடந்த ஆயாக்கள். துடைப்பம் ஏந்தத் தாங்கும் உடல் ஊசி ஏந்தத் தாங்காதா? உடல்தகுதிச் சான்று கேட்கும் விதி ஏற்கெனவே இருக்கிறது. தகுதியை அதைக் கொண்டு சோதிக்கலாம். பிறந்த தேதி அதைச் சொல்லாது.

மூன்றாவது, அந்த வயதில் படிப்பு ஏறாது என்பது. மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வில் இருந்த 25 வயது உச்சவரம்பை 2022-இல் நீக்கிவிட்டார்கள். ஆக, இந்நாட்டில் நாற்பது வயதுக்காரர் உடற்கூறியலும் மருந்தியலும் கற்று மருத்துவராகலாம். அந்த மருத்துவரின் அருகில் நிற்கும் செவிலியாக மட்டும் ஆகக் கூடாது. இந்த விந்தைக்கு யார் விளக்கம் தருவார்?

உண்மையில் நடுவயதுப் பெண்ணின் அருமை அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2005-இல் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் ஆஷா பணியாளரைத் தேர்ந்தெடுக்க வகுத்த நெறிமுறை, அவர் அவ்வூரில் வாழும், மணமான அல்லது கணவரை இழந்த அல்லது மணவிலக்குப் பெற்ற, கூடுமானவரை 25 முதல் 45 வயதுக்குட்பட்ட பெண்ணாக இருக்க வேண்டும் என்றது. ஊரை அறிந்தவர், பிள்ளை பெற்றவர், பிறர் வீட்டு அடுப்பங்கரை வரை செல்லக்கூடியவர் வேண்டும் என்று அன்று தெளிவாகவே சிந்தித்திருக்கிறார்கள். ஆனால் அவருக்குத் தரப்படுவது ஊதியம் அல்ல, மதிப்பூதியம்; ஆந்திரத்தில் 2019 முதல் மாதம் 10,000 ரூபாய். அவர் ஊழியர் அல்லர், தன்னார்வலர். அனுபவம் மலிவாகக் கிடைக்கும்போது நாற்பது வயது தகுதியாகிறது. அதே அனுபவம் பட்டயமும் பதிவும் முறையான சம்பளமும் கேட்கும்போது நாற்பது வயது குறையாகிறது.

செவிலி என்றால் தளையற்ற இளம்பெண் என்ற பழைய எண்ணமே இதன் அடியில் இருக்கிறது. மணம் செய்துகொண்டதற்காக 1988-இல் இராணுவச் செவிலியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார் செலினா ஜான். அது பாலினப் பாகுபாடு என்று கூறி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024-இல். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்த நீதி அது. வயது வரம்பு அதே எண்ணத்தின் ஓசையில்லாத வடிவம். மணமும் மகப்பேறும் ஒரு பெண்ணிடமிருந்து எடுத்துக்கொண்ட ஆண்டுகளை, அவள் வீணாக்கிய ஆண்டுகளாக அது எண்ணுகிறது.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி பெற்றபோது அவருக்கு வயது 31. 1860-இல் லண்டனில் தொடங்கிய அவர் பெயரிலான பள்ளியின் விதிமுறை, மாணவியருக்கு விரும்பத்தக்க வயது 25 முதல் 35 என்றது. சராசரி ஆயுள் நாற்பதை ஒட்டியிருந்த அன்றைய இங்கிலாந்தில் அந்த மேல்வரம்புக்கு ஒரு பொருள் இருந்திருக்கலாம். நாம் கீழ்வரம்பை 17-க்கு இறக்கிவிட்டோம். மேல்வரம்பு மட்டும் ஆயுள் எழுபதை எட்டிய இந்நாட்டிலும் 35-இலேயே நிற்கிறது. அதே இங்கிலாந்தில் இன்று செவிலியர் கல்விக்கு மேல்வரம்பே கிடையாது. 2023-இல் உலகெங்கும் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை இருந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கும் வேளையில், ஆள் வேண்டாம் என்று சொல்லும் நிலையிலா இருக்கிறோம்?

இழப்பு அந்தப் பெண்ணுக்கு மட்டும் அன்று. திருப்பதி மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் தமிழ்க் கிழவி தன் வலியைக் குத்துகிறது, குடைகிறது, இழுக்கிறது, எரிகிறது, தெறிக்கிறது என்று ஐந்து சொற்களில் பிரித்துச் சொல்வார். ஒவ்வொரு சொல்லும் மருத்துவருக்கு ஒரு தடயம். அவற்றைப் பிரித்தறியாத காதில் ஐந்தும் ஒரே வலியாகிவிடும். தமிழும் தெலுங்கும் அறிந்த, நோயாளியின் முனகலை ஆறாண்டு கேட்டுப் பழகிய அந்த முப்பத்தெட்டு வயதுக்காரருக்கு அந்த வேறுபாட்டை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மேல்வரம்பை நீக்குக. உடல்தகுதித் தேர்வு இருக்கட்டும். தேர்ச்சி மதிப்பெண்ணில் ஒன்றும் குறைக்க வேண்டாம். குடும்பம் உள்ளவர் விடுதியில் தங்காமல் வீட்டிலிருந்து வந்து படிக்க அனுமதி தருக. அவர் கேட்பது சலுகை அன்று. மற்றவர் எழுதும் அதே தேர்வை எழுதும் வாய்ப்பு. அதைக்கூடத் தர மனமில்லை என்றால், செவிலி என்ற சொல்லையாவது அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது அவருடையது.