உரக் காசு மண்ணுக்குள் பூட்டிக் கிடக்கிறது: நெகிரி தோட்டங்களுக்கு நுண்ணுயிர் உரம் கைகொடுக்குமா?

2021ஆம் ஆண்டு இறுதியில் சீனா பாஸ்பேட் உர ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர் வெடித்தது. அந்த ஈராண்டுகளில் உர மூட்டையின் விலை ஏறிய ஏற்றத்தைச் செம்பனை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். இன்று உரக் கடைகளில், "மண்ணில் உள்ள பாஸ்பரஸைக் கரைத்துத் தரும் பாக்டீரியா" என்ற விளம்பரத்தோடு போத்தல்களும் பாக்கெட்டுகளும் கிடைக்கின்றன. இதை நம்பி வாங்கலாமா?

அறிவியல் உண்மைதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டு விவசாயிகள் பாஸ்பரஸை மணிச்சத்து என்பார்கள். தழைக்குத் தழைச்சத்து, மணி பிடிக்க மணிச்சத்து என்று பயனை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். நம் தோட்டங்களில் அது 'பாஸ்பேட்' மூட்டை, அவ்வளவுதான். செம்பனை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ வரை பாறை பாஸ்பேட் போடுவது வழக்கம். ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரங்கள். பெருக்கிப் பார்த்தால் வாளியைச் சுமந்து உரம் வீசியவர்களின் தோள்வலிக்குக் காரணம் புரியும்.

அந்த உரத்தில் எவ்வளவு மரத்துக்குப் போகிறது? போட்ட ஆண்டில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 10 முதல் 25 விழுக்காடுதான் என்பது வேளாண் நூல்கள் தரும் கணக்கு. ரெங்கம், முன்சோங், மலாக்கா என்று பெயரிடப்பட்ட நம் மண்வகைகள் பல்லாயிரம் ஆண்டு மழையில் ஊறித் தேய்ந்தவை. புளிப்புத்தன்மை அதிகம். அந்தச் சிவப்பு நிறமே இரும்பின் நிறம்தான். புளிப்பு மண் பாறைத் தூளைக் கரைப்பது உண்மை. அதனால்தான் தோட்டங்களில் விலை மலிந்த பாறை பாஸ்பேட்டை நேரடியாகவே போட முடிகிறது. ஆனால் கரைந்த கையோடு மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்துக் கட்டிவிடுகின்றன. கிறிஸ்துமஸ் தீவிலிருந்து கப்பலேறி வந்த பாஸ்பேட்டில் பெரும் பகுதி, போர்ட்டிக்சன் முதல் பகாவ் வரை மண்ணுக்குள் பூட்டிக் கிடக்கிறது. (1958இல் ஆஸ்திரேலியாவின் கைக்குப் போகும்வரை அந்தத் தீவு சிங்கப்பூரிலிருந்துதான் நிர்வகிக்கப்பட்டது.)

பூட்டைத் திறப்பவை நுண்ணுயிர்கள். பாசில்லஸ், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களும் சில பூஞ்சைகளும் கரிம அமிலங்களைச் சுரக்கின்றன. அந்த அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, பாஸ்பேட் விடுபடுகிறது. இன்னும் சில, மட்கிய இலைதழையில் உள்ள பாஸ்பரஸை நொதிகளால் பிரித்துத் தருகின்றன. செர்டாங்கிலுள்ள யூபிஎம் ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு வாக்கில் மேட்டுநில நெல்லில் பாறை பாஸ்பேட்டோடு இத்தகைய பாக்டீரியாவைச் சேர்த்துச் சோதித்தார்கள். பயிர் எடுத்துக்கொண்ட பாஸ்பரஸ் கூடியது.

சோதனைக்கூடத்தில் நடப்பது தோட்டத்திலும் நடக்குமா என்பதே கேள்வி. சோவியத் நாட்டில் 1950களில் 'பாஸ்போபாக்டரின்' என்ற தயாரிப்பை இலட்சக்கணக்கான ஹெக்டேர்களில் பயன்படுத்தினார்கள். அமெரிக்கர்கள் அதையே சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. ஒரு காரணம் நமக்கு முக்கியம். இந்தப் பாக்டீரியாக்களைப் பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட் கலந்த தட்டில் வளர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கரிசல் போன்ற சுண்ணாம்பு மண்ணுக்கு அது பொருந்தும். நம் மண்ணில் பூட்டுப் போட்டிருப்பது இரும்பும் அலுமினியமும். வேறு பூட்டுக்குச் செய்த சாவி இங்கே திறக்கும் என்று எப்படி நம்புவது? ஊருக்குப் போய்வரும் சொந்தக்காரர்களிடம் பாஸ்போபாக்டீரியா பாக்கெட் சொல்லி அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் இந்திய விதியில் நாம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. அங்கே 2006இல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. தூள் வடிவ பாஸ்பேட் பாக்டீரியா உரம் என்றால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். இங்கே போத்தலைக் கையில் எடுக்கும்போது அந்த எண்ணிக்கை, காலாவதித் தேதி, எந்த நுண்ணுயிர் என்ற பெயர் ஆகிய மூன்றையும் தேடிப் பாருங்கள். வெயிலில் வெந்த கடை முகப்பில் மாதக்கணக்கில் கிடந்த போத்தலில் உயிரோடு எத்தனை இருக்கும் என்பதையும் கடைக்காரரிடம் கேட்கலாம்.

விளம்பரம் சொல்லாத இன்னொரு செய்தி: செம்பனையின் வேரில் வாழும் வேர்ப்பூஞ்சை ஏற்கெனவே தோட்டத்தில் இருக்கிறது. செம்பனை வேரில் நெல் வேர்போல மெல்லிய தூவிகள் இல்லை. மண்ணில் தூரத்தில் உள்ள பாஸ்பரஸை எட்டிப் பிடிக்க இந்தப் பூஞ்சையின் இழைகளையே அது பெரிதும் நம்பியிருக்கிறது. இது காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளல்ல. கெடுக்காமல் விட்டால் போதும். பூஞ்சைக்கு உயிருள்ள வேரும் நிழலும் ஈரமும் வேண்டும். புல் ஒன்றுகூட முளைக்காதபடி தரையை மருந்தடித்து மொட்டையாக்குவது 'சுத்தமான தோட்டம்' என்று பெரிய துரைமார் காலத்திலிருந்து சொல்லிக்கொடுக்கப்பட்ட பழக்கம். பாராகுவாட் 2020இல் தடை செய்யப்பட்டது மருந்தடித்த நம் பெண்களின் உடலுக்கு நல்லது. மொட்டைத் தரைப் பழக்கம் மட்டும் வேறு மருந்தோடு தொடர்கிறது. பால்மரக் காலத்தில் மறுநடவின்போது கொடிப் பயிர் விதைத்து, பாறை பாஸ்பேட்டை அந்தக் கொடிக்கே போடுவார்கள். கொடி எடுத்துக்கொண்ட சத்து மட்கி, பிறகு மரத்துக்கு வரும். வெட்டிய மட்டையை அடுக்கி அதன்மேல் உரம் வீசுவதும், ஆலையிலிருந்து வெறுங்குலையைக் கொண்டுவந்து பரப்புவதும் அதே கணக்குத்தான்.

பெரிய நிறுவனங்களுக்கு மண் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு யார் இருக்கிறார்? 1960இல் தோட்டத் தொழிலாளர்களின் பத்து ரிங்கிட், இருபது ரிங்கிட் சேமிப்பில் எழுந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம்மில் பலருக்குப் பங்கு உண்டு. உரச் செலவு கூடினால் இலாப ஈவு குறையும். ஆகவே இது ஆய்வாளர்கள் மட்டும் பேசிக்கொள்ளும் விஷயமல்ல. மண் பரிசோதனை அறிக்கையில் மொத்த பாஸ்பரஸ் என்று ஓர் எண்ணும், பயிருக்குக் கிடைக்கும் பாஸ்பரஸ் என்று இன்னோர் எண்ணும் இருக்கும். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி, நாம் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய உரம்.