சிவப்புத் தரையைத் துடைக்காதவர்கள்

பழைய வீட்டின் சிவப்புத் தரையை மாற்றவே கூடாது என்று உருகி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தத் தரையை ஒருநாளும் குனிந்து துடைத்தவர்கள் இல்லை. சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கிறது என்றால், ஆமாம், சண்டைக்குத்தான் இழுக்கிறேன். கொஞ்ச நாளாகவே இந்தப் புகைப்படங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கின்றன. சாய்வாக விழும் வெயில், மரத்தூண், ஓரத்தில் ஒரு பித்தளைச் செம்பு, கீழே கண்ணாடி மாதிரி மின்னும் தரை. அதற்கடியில் நாலு வரி ஏக்கம். அந்த மினுக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருத்தரும் எழுதுவதில்லை.

சிமெண்டோடு சிவப்பு ஆக்சைடு பொடியைக் கலந்து, ஈரம் இறுகுவதற்குள் கொத்தனார் இரும்புக் கரண்டியால் மறுபடி மறுபடி அழுத்தித் தேய்ப்பார். பிறகு ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும். அதோடு அவர் வேலை முடிந்தது. அடுத்த நாற்பது, ஐம்பது வருஷ வேலை வேறு ஆளுடையது. தினமும் துடைத்தது, விசேஷத்துக்கு முந்தின நாள் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தது, அடுப்படியில் சிந்திய எண்ணெய்யைச் சாம்பல் போட்டு எடுத்தது. நீங்கள் படம் எடுத்த பளபளப்பு ஒரு பெண்ணின் முட்டி எலும்புக் கணக்கு. அதைப் 'பாரம்பரியம்' என்று பேர் மாற்றிக் கூப்பிடும்போது அந்தக் கணக்கு காணாமல் போய்விடுகிறது.

தூத்துக்குடியில் இந்தக் கதை இன்னும் கொஞ்சம் உப்புக் கூடினது. கடலை ஒட்டிய தெருக்களில் நிலத்தடி நீரே உவர். அது அஸ்திவாரத்தின் வழியே மேலே ஏறும், தரைக்கும் சுவருக்கும் வரும், தண்ணீர் காய்ந்துபோக உப்பு மட்டும் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நாங்கள் இதை 'ஓதம் அடிக்குது' என்போம். ஓதம் என்றால் கடல் அலைக்கும் பெயர், வீட்டுச் சுவரின் ஈரத்துக்கும் பெயர். இரண்டும் ஒன்றேதான் என்று தெரிந்து வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. ஓதம் ஏறிய சிமெண்டுத் தரை மேலே நன்றாக இருப்பதுபோலத் தெரியும். ஒருநாள் துடைக்கிற துணியில் சிவப்பாகத் தூள் வரும். அப்புறம் சின்னச் சின்ன செதில்கள். அப்புறம் குழி. குழியைப் பூசினால் நிறம் சேராது. எத்தனை கெட்டிக்கார கொத்தனாரும் ஐம்பது வருஷச் சிவப்பைப் புதுப்பொடியில் கொண்டுவந்ததை நான் பார்த்ததில்லை. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரிதான் நிற்கும்.

எங்கள் வீடு 1962-ல் கட்டியது. கடைசியாக அரசு முத்துக்குளிப்பு நடத்திய 1961-க்கு அடுத்த வருஷம். தாத்தா கொழும்பில் கடையில் நின்று அனுப்பிய காசு. அந்த வீட்டு அடுப்படியில், பாத்திரம் கழுவும் இடத்துக்கு முன்னால், இரண்டு பாதம் வைக்கிற அளவுக்குத் தரை தேய்ந்து பள்ளமாகியிருக்கிறது. ஆச்சி நின்றது, பிறகு பெரியம்மை நின்றது, இப்போது அம்மா நிற்பது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் போன தடவை வந்தபோது அதைப் படம் எடுத்தான். "மூணு தலைமுறை நின்ன இடம்மா, இதப் போயி பேக்கணும்னு சொல்லுதிய?" என்றான். அம்மாவுக்கு 68 வயது. "அந்தப் பள்ளத்துலதான் தண்ணி நிக்கி. ரெண்டு தடவ வழுக்கிட்டு, சுவரப் புடிச்சு நின்னுட்டேன்" என்றாள். அதற்குப் பிறகும் பேச்சு பாரம்பரியத்தைப் பற்றியே ஓடியது என்பதுதான் என்னை இதை எழுத வைத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்தே இறக்கிறார்கள். அதிகம் சாவது 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு போன ஒருவர் இல்லாத குடும்பத்தை நம் ஊரில் தேடிப் பாருங்கள். அழகியல் விவாதத்தில் இதற்கும் ஒரு நாற்காலி போட வேண்டுமா இல்லையா?

உடனே என்னை டைல்ஸ் கடைக்காரன் பக்கம் தள்ளிவிட வேண்டாம். அந்தப் பக்கமும் கோபம் இருக்கிறது.

எங்கள் பக்கம் தரை எப்போது மாறும்? தேய்ந்தால் மாறாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் மாறும். மகனுக்கு நிச்சயம் என்றால் மாறும். பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. 'கொடியேத்தத்துக்குள்ள முடிச்சிரணும்' என்று ஒரு கெடு. ஆக, வீட்டில் இருக்கிறவர்களுக்காக இல்லை, வருகிறவர்களுக்காக. அதனால்தான் எல்லா வீட்டிலும் முதலில் ஹால் மாறுகிறது. குஜராத் மோர்பியிலிருந்து லாரி ஏறி வந்த, முகம் தெரிகிற அளவு பளபளக்கும் டைல் ஹாலில். யாரும் குனியாத, யாரும் தண்ணீர் சிந்தாத அறை. அடுப்படிக்கு வரும்போது காசு தீர்ந்திருக்கும். 'அத அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்.' அடுத்த வருஷம் என்பது எங்கள் ஊரில் ஒரு தேதி இல்லை.

பழைய தரையைப் பெயர்க்காமல் அதன் மேலேயே பசை போட்டு டைல் ஒட்டுவது இப்போது வழக்கம். செலவு குறைவு, தூசி குறைவு. ஆனால் தரை ஏறிவிடும், கதவின் அடியைச் சீவ வேண்டும், நிலைப்படியின் உயரம் பாதியாகும், குளியலறைத் தண்ணீர் வெளியே எட்டிப் பார்க்கும். அடியில் ஓதம் இருந்தால் கொஞ்ச நாளில் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். ஒரு கோடையில் நடு ஹாலில் நாலு டைல் கூடாரம் மாதிரிப் பொங்கி நிற்கும். நோயைப் பார்க்காமல் போர்வையை மாற்றுகிற வேலை.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்தப் போர்வைகூட இல்லை. எங்கள் ஊரில் 'கார்ப்பெட்' என்றால் பாரசீகக் கம்பளம் இல்லை, மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற பிளாஸ்டிக் விரிப்பு. மரக்கட்டைப் படமோ, பளிங்குப் படமோ அச்சடித்திருக்கும். உரிமையாளர் தரையைச் சரிசெய்து தரமாட்டார். குடியிருப்பவர் தன் காசில் அதை வாங்கிப் பெயர்ந்த சிமெண்டை மூடுகிறார். ஓதம் வெளியேற வழியில்லாமல் அடியில் புழுங்கும். தூக்கிப் பார்த்தால் கரப்பான், ஈரமண் வாசனை, தூளாகிப்போன தரை. மேலே பளிங்கு. நடமாடுகிற இடத்தில் படம் தேய்ந்து கறுப்பு தெரிந்தால் இன்னொரு மூன்று மீட்டர். தேய்ந்த விரிப்பை எப்போது மாற்றுவது என்ற கேள்வியை எங்கள் ஊரில் உண்மையாகவே மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இவர்கள்தான். ஏக்கக் கட்டுரைகளில் இவர்கள் வரமாட்டார்கள். இவர்கள் வீட்டில் தூண் கிடையாது.

தெருவும் இதில் ஒரு ஆள். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை, அதன்மேல் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் வீடு கொஞ்சம் பள்ளத்துக்குப் போகிறது. 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, சுரண்டிவிட்டுத்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று உத்தரவிட்டார். உத்தரவு வருவதற்கு முன்பே எங்கள் வாசல்படி மூன்றில் ஒன்று சாலைக்கடியில் போய்விட்டது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. தூத்துக்குடியில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. நிவாரணம் குடும்பத்துக்கு ₹6,000. அது அரிசிக்கும் நனைந்த மெத்தைக்கும் போனது. தண்ணீர் வடிந்த பிறகு தரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே வாரத்தில் இருபது வருஷம் வயதாகியிருந்தது. அதற்குப் பிறகு ஊரில் பாதிப்பேர் தரையை 'உயர்த்துவது' பற்றித்தான் பேசுகிறார்கள். இதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படியானால் எப்போது மாற்றுவது? இதற்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது, நாம்தான் அதைத் தரைக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. பாய். தாமிரபரணிக் கரைக் கோரையை ஆற்றில் ஊறப்போட்டு, கீறி, நூல் பாவில் பத்தமடைப் பெண்கள் நெய்கிற பாய். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பெண் பேர் போட்டு நெய்வார்கள். அந்தப் பாயை வீட்டில் யாரும் 'மாற்றுவது' இல்லை, இறக்குவார்கள். கல்யாணப் பாய் கொஞ்ச நாள் விருந்தாளிப் பாய். ஓரம் பிரிந்தால் துணி வைத்துத் தைத்துப் படுக்கைப் பாய். நடு தேய்ந்தால் மொட்டை மாடிக்குப் போகும், வடகம் காயும், கருவாடு காயும். அதற்கும் தகுதி போனால் அடுப்புச் சாம்பலோடு குப்பைக்கு. ஒவ்வொரு படியிலும் 'இனி இது இதுக்கு ஆகாது' என்று சொல்கிறவள் அதைச் சுருட்டி விரிக்கிறவள். யாரும் பெங்களூருக்குப் போன் போட்டுக் கேட்பதில்லை.

ஜப்பானில் தத்தாமி என்று ஒரு பாய்த்தரை. அங்கே இது இன்னும் ஒழுங்காக இருக்கிறது. மூன்று முதல் ஐந்து வருஷத்தில் மேல்பாயைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் போடுவார்கள். அதுவும் தேய்ந்தால் மேல்பாய் மட்டும் புதிது. உள்ளே இருக்கிற அடைப்பும் அமுங்கிப் போனால்தான் முழுசாகப் புதிது. மூன்றுக்கும் மூன்று தனிப் பெயர் உண்டு. நம்மிடம் தரைக்கு இருப்பது இரண்டே சொல்: 'அப்படியே இருக்கட்டும்', 'பேத்துரு'. மொசைக் தரைக்காவது நடுவே ஒரு படி உண்டு, மெஷின் வைத்துத் தேய்த்து மறுபடி பாலிஷ் போடலாம். புதுத் தரையைவிட மிகக் குறைந்த செலவு. அதைச் செய்து கொடுக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கடையும் அதை விற்பதில்லை, விற்க அதில் பொருள் இல்லையே.

வில்லியம் மோரிஸ் பெயரைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தார் ஒரு நண்பர். 1877-ல் பழைய கட்டடங்களைக் காக்க இங்கிலாந்தில் சங்கம் தொடங்கியவர், புதுப்பிக்கிறேன் என்று தேவாலயங்களைச் சுரண்டியவர்களை எதிர்த்தவர். சரிதான். நம் கோயில்களில் பழைய கல்தளத்தின்மேல் டைல் ஒட்டுகிறவர்களை எதிர்க்க நானும் கூட வருவேன். ஆனால் மோரிஸ் காப்பாற்றக் கேட்டதில் முக்கியமானவை தேவாலயங்கள் போன்ற பொதுக் கட்டடங்கள். (அவர் தாமே கம்பளம் வரைந்து விற்றவர் என்பது தனி.) அம்மாவின் அடுப்படி பொதுக் கட்டடம் இல்லை. அதைப் பாதுகாக்க வேண்டும் என்று ஊர் நினைத்தால் ஊர் வந்து துடைக்கட்டும், ஓதத்துக்கு வைத்தியம் பார்க்கச் செலவு கொடுக்கட்டும். செலவும் இல்லை, துடைப்பும் இல்லை, கருத்து மட்டும் என்றால் அந்தக் கருத்தை வாசலோடு வைத்துக்கொள்வது நல்லது.

நான் கேட்பது சின்ன விஷயம். தரையைப் பற்றிய முடிவை அதில் வெறுங்காலோடு அதிக நேரம் நிற்கிறவரிடம் கொடுங்கள். துடைக்கிற துணியில் தூள் வருகிறதா, நூல் சிக்கிக் கிழிகிறதா, தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் தான் சுவரைப் பிடிக்கிறோம் என்று அவருக்கு அளந்தமாதிரித் தெரியும். படத்தில் அது விழாது. கல்யாணத் தேதி சொல்லாது. வாடகைக்கு இருப்பவர் சொன்னாலும் அதே மரியாதை. அவர் காலும் கால்தான்.

எங்கள் வீட்டில் கடைசியில் அம்மாவே சொன்னாள். அடுப்படியும் பின்வாசல் நடையும் மட்டும் பெயர்த்து, ஓதம் ஏறாமல் அடியில் பூச்சுப் பூசி, சொரசொரப்பான டைல். மேலே ஒட்டுகிற வேலை வேண்டாம். ஹால் இப்போதைக்கு இருக்கட்டும், அங்கே யார் நிற்கிறார்கள் என்றாள். அண்ணனுக்கு அந்தப் பாதப்பள்ளம் வேண்டுமாம், முழுசாக அறுத்து எடுக்க முடியுமா என்று கேட்டான். கொத்தனார் தட்டிப் பார்த்தார். எடுக்கும்போதே உதிர்ந்துவிடும் என்றார். மைனி போனில் அவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். திருவிழா முடிந்து, ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வேலை ஆரம்பம். கெடு வைத்தது அம்மா: விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு.