திங்கட்கிழமைக்கு என்ன விலை?

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரிலிருந்து மைசூர் சாலையில் கிளம்பும் கார்களில் ஒரு பகுதி நேராகக் குடகுக்குப் போகிறது. ஹுன்சூர், குசால்நகர், பிறகு மடிக்கேரி. சனிக்கிழமை காலையில் காபித் தோட்டத்து வீடுகளில் அறை கேட்டால் கிடைப்பது கடினம். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் அதே கார்கள் மலையிறங்குகின்றன. திங்கட்கிழமை துவைத்த விரிப்புகள் கொடியில் காய்கின்றன. அறைகள் அடுத்த வெள்ளிவரை சும்மா கிடக்கின்றன.

அதே கட்டில், அதே பன்றிக்கறி, ஜன்னலுக்கு வெளியே அதே மிளகுக்கொடி. சனிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் ஒரே வாடகை வாங்குவதா?

குடகுக்காரர்களுக்கு விலை ஏறி இறங்குவது புதிதல்ல, ஆனால் ரொம்பப் பழையதும் அல்ல. 1990களின் தொடக்கம்வரை காபிக்கு விலை பேசும் வேலையே தோட்டக்காரருக்குக் கிடையாது. விளைந்ததைக் காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் விற்றுத் தவணை தவணையாகப் பணம் தரும். படிப்படியாகத் தளர்ந்த அந்த ஏற்பாடு 1996இல் முழுதாக முடிவுக்கு வந்தது. லண்டன், நியூயார்க் விலையைப் பார்த்து விற்பதா, வைத்திருப்பதா என்று முடிவு செய்ய அவர்கள் பழகினார்கள். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் காபி விலை சரிந்தபோது, பல குடும்பங்களுக்கு வீட்டின் இரண்டு மூன்று அறைகள் துணை வருமானமாயின. அப்போதுதான் ஒரு வித்தியாசம் தெரிந்தது. விலை பிடிக்காவிட்டால் காபியை உலர்த்தி, மூட்டை கட்டிக் கிடங்கில் போடலாம். திங்கட்கிழமை இரவை மூட்டை கட்ட முடியாது. விடிந்தால் போயிற்று.

விடிந்தால் போய்விடும் சரக்கை எப்படி விற்பது என்று முதலில் பெரிய அளவில் கணக்குப் போட்டவை அமெரிக்க விமானக் கம்பெனிகள். அங்கே 1978இல் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாடு நீங்கியதும், ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்கு வெவ்வேறு விலை வந்தது. பின்னால் ஓட்டல்களும் அதையே பிடித்துக்கொண்டன. இந்தியர்களில் பலர் இந்த வித்தையை நேரில் பார்த்தது 2016 செப்டம்பரில். ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் ஒவ்வொரு பத்து சதவீத இடம் நிரம்பும்போதும் கட்டணம் பத்து சதவீதம் ஏறும், அதிகபட்சம் ஒன்றரை மடங்குவரை என்று ரயில்வே அறிவித்தது. எதிர்ப்பு வந்தது, சில ரயில்களில் இடங்கள் காலியாகவும் ஓடின. 2019 மார்ச்சிலிருந்து 15 ரயில்களில் இது முழுதாகக் கைவிடப்பட்டது. 32 ரயில்களில் கூட்டம் குறைந்த மாதங்களுக்கு மட்டும் நிறுத்தப்பட்டது. அந்தத் திட்டத்தின் கோளாறு விலை அசைந்தது அல்ல. அதற்கு ஏற மட்டுமே தெரிந்திருந்தது, இறங்கத் தெரியவில்லை.

வீட்டு அறைக்கு இந்தக் கணக்கைக் கொண்டுவந்தவை இன்டர்நெட் முன்பதிவுத் தளங்கள். 2007இல் சான்பிரான்சிஸ்கோவில் வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள் தங்கள் வீட்டில் காற்று மெத்தைகளைப் போட்டு, தலைக்கு இரவுக்கு 80 டாலர் வாங்கியதில் தொடங்கிய ஏர்பிஎன்பி, 2015இல் விலையைத் தானே மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் கீழெல்லை, மேலெல்லை என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். எத்தனை பேர் அந்த ஊரைத் தேடுகிறார்கள், அக்கம்பக்கத்தில் என்ன விலை, தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று பார்த்து, கம்ப்யூட்டர் தினமும் விலையை ஏற்றி இறக்கும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது அந்தக் கீழெல்லையில். பக்கத்துத் தோட்டத்தில் என்ன வாங்குகிறார்களோ அதில் நூறு ரூபாய் குறைத்துப் போட்டுவிடுகிறார்கள். அது விலை நிர்ணயம் அல்ல, எட்டிப்பார்த்து எழுதும் பரீட்சை.

மடிக்கேரிக்கு வெளியே மூன்று அறைகளை விடும் ஓர் அம்மாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி வந்து தங்கினால் விரிப்பு, துண்டு துவைக்க ரூ. 250, அறையைச் சுத்தம் செய்பவருக்கு ரூ. 250, இரண்டு பேருக்குக் காலை உணவு ரூ. 300, வெந்நீர், மின்சாரம் ரூ. 100. ஆக ரூ. 900. தளத்தின் பங்கு 15 சதவீதம் என்றால் ரூ. 1,060க்குக் கீழே எந்த விலைக்கு விட்டாலும் அந்த அறை காலியாக இருப்பதே லாபம். இதுதான் ஓர் இரவின் அடிவிலை.

இது போதாது. வேலையாள் சம்பளம், இன்டர்நெட், பெயின்ட், உடையும் குழாய் என்று மாதம் ரூ. 20,000 ஆகிறது, வருஷத்துக்கு ரூ. 2,40,000. மூன்று அறைகளுக்கு வருஷத்தில் 1,095 இரவுகள். பத்துக்கு நாலு நிரம்பினால் 438. பங்கு போட்டால் இரவுக்கு சுமார் ரூ. 550. அதாவது வருஷம் முழுவதற்குமான சராசரி விலை ரூ. 1,700ஐத் தாண்டிய பிறகுதான் அந்த அம்மாளுக்கு ஒரு ரூபாய் மிஞ்சும். சனிக்கிழமை மூவாயிரம் வாங்குவது பேராசை என்று நினைக்கும் விருந்தினர், திங்கட்கிழமை ரூ. 1,300க்கு விடும்போது கூட வந்து பார்ப்பதில்லை.

இப்போது கம்ப்யூட்டரிடம் வருவோம். அமெரிக்காவின் ஏழு நகரங்களில் ஏர்பிஎன்பி வீடுகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, தானாக விலை மாற்றும் வசதிக்கு மாறிய வீடுகளில் சராசரி வாடகை 5.7 சதவீதம் குறைந்தது, ஆனால் வருமானம் 8.6 சதவீதம் கூடியது என்று கண்டது. தளங்களுக்கு இனிப்பான செய்தி. வாடகை குறைந்தும் வருமானம் கூடியது என்றால், அதிக இரவுகள் நிரம்பின என்று பொருள். கணக்குப் போட்டால் சுமார் 15 சதவீதம் அதிகம்.

அதே விகிதத்தை அந்த அம்மாளின் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். முன்பு இரவுக்கு ரூ. 2,000 வீதம் 100 இரவுகள்: வரவு ரூ. 2,00,000, தளத்துக்கு ரூ. 30,000, இரவுக்கு 900 வீதம் செலவு ரூ. 90,000; கையில் ரூ. 80,000. பின்பு ரூ. 1,886 வீதம் 115 இரவுகள்: வரவு ரூ. 2,16,890; தளத்துக்கு ரூ. 32,534, செலவு ரூ. 1,03,500, கையில் ரூ. 80,856. பதினைந்து இரவுகள் கூடுதலாகத் துவைத்து, துடைத்து, இட்லி ஊற்றியதற்குக் கூலி ரூ. 856. உட்கார்ந்த இடத்தில் தளத்துக்குக் கூடியது ரூ. 2,534.

இதில் மோசடி எதுவும் இல்லை. தளம் வரவில் பங்கு வாங்குகிறது; அதனால் அதன் கம்ப்யூட்டர் வரவைப் பார்க்கிறது. துவைக்கும் கூலி அதன் கண்ணில் படாது. அந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கக்கூடிய ஒரே இடம், வீட்டுக்காரர் நிரப்பும் அந்தக் கீழெல்லைக் கட்டம்தான்.

மேலெல்லைப் பக்கமும் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது இயந்திரத்துக்குப் பிந்தித்தான் தெரிகிறது. மார்ச் மாதம் முதல் மழை விழுந்தால், ஒரு வாரம் பத்து நாளில் காபிச் செடிகள் வெள்ளை வெளேரென்று பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மழை பெய்த அன்றே தோட்டக்காரருக்குத் தேதி தெரியும். ஐப்பசிப் பிறப்பையொட்டித் தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்கும் நேரத்தைப் பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது. 1997இல் தொடங்கிய கொடவர் குடும்பங்களின் ஹாக்கித் திருவிழாவை வருஷத்துக்கு ஒரு குடும்பம் நடத்துகிறது. எந்த மைதானம் என்பது உள்ளூரில் எப்போதோ பேசி முடிந்த விஷயம். இயந்திரமோ வெளியூர்க்காரர்கள் அந்தத் தேதியைத் தேடத் தொடங்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும். அதற்குள் நல்ல அறைகள் பழைய விலைக்குப் போயிருக்கும்.

வாடகைக்கு மேல் போடும் உதிரிக் கட்டணங்கள் தனிக் கதை. சுத்தம் செய்யும் கட்டணம் என்று ரூ. 500 தனியாகப் போடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. துவைப்பதும் துடைப்பதும் ஒரு வருகைக்கு ஒரு முறை. காலை உணவும் வெந்நீரும்தான் இரவுக்கு ஒரு முறை. ஒரே இரவு தங்குபவரால் ஆகும் செலவு ரூ. 900. மூன்று இரவு தங்குபவரால் மொத்தம் ரூ. 1,700, இரவுக்கு 567தான். ஆனால் துடைப்பத்துக்கும் தனி வாடகையா என்று விருந்தினர் முகம் சுளிக்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. முதலில் ரூ. 1,800 என்று காட்டி, பணம் கட்டும் கடைசிக் கட்டத்தில் 2,600 ஆக்கும் பழக்கம் உலகெங்கும் வசவு வாங்கிவிட்டது. அமெரிக்காவில் 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி, குறுகிய காலத் தங்கல் இடங்கள் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையைத்தான் எடுத்த எடுப்பில் காட்ட வேண்டும் என்கிறது. ஏர்பிஎன்பி அதற்கு முந்தைய மாதமே, வரி நீங்கலான மொத்த விலையை உலகம் முழுவதும் காட்டத் தொடங்கியது. ஒளித்து வைத்துப் பயனில்லை என்றான பிறகு, வாடகையை ரூ. 2,300 என்று வைத்து, இரண்டாம் மூன்றாம் இரவுகளுக்குக் குறைப்பதே சுலபம். கிடைக்கும் பணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று அபராதமாகத் தெரிகிறது, மற்றது தள்ளுபடியாக.

விலை ஏற்றும்போது இடறும் இன்னொரு படிக்கட்டு ஜி.எஸ்.டி. ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு செய்யாத வீட்டுக்காரர்களுக்கும் தளமே வரியை வசூலித்துக் கட்டிவிடுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ. 7,500 வரையுள்ள அறைக்கு வரி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18. பெரிய பங்களாவை விடுபவர் புத்தாண்டுக்கு ரூ. 7,500 வைத்தால் விருந்தினர் கொடுப்பது ரூ. 7,875. நூறு ரூபாய் கூட்டி 7,600 என்றால் ரூ. 8,968. வீட்டுக்காரருக்கு நூறு, விருந்தினருக்கு ஆயிரத்துக்கு மேல். இந்த இடத்தில் ஒன்று 7,500இல் நிற்க வேண்டும், அல்லது துணிந்து வெகு தூரம் தாண்ட வேண்டும்.

எவ்வளவு தூரம் தாண்டலாம்? 2023இல் அகமதாபாத்தில் இந்தியா-பாகிஸ்தான் உலகக் கோப்பை ஆட்டம் அறிவிக்கப்பட்டதும் ஓட்டல் கட்டணங்கள் எகிற, சிலர் உடல் பரிசோதனை என்ற பெயரில் ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டார்கள் என்று செய்தி வந்தது. ஒரே ஒரு முறை வரும் கூட்டத்திடம் அப்படிக் கறந்துவிடலாம். குடகின் பல வீடுகள் வருஷா வருஷம் அதே குடும்பங்கள் போன் செய்து வருவதால் ஓடுபவை. அதிலும் கேவலமானது, ஜூலையில் சொன்ன விலைக்குப் பதிவு செய்தவரை டிசம்பரில் "குழாய் ரிப்பேர்" என்று தட்டிக்கழித்து, வேறொருவருக்கு இரட்டிப்பாக விடுவது. அசையும் விலை என்பது விற்பதற்கு முன்னால்தான் அசையலாம்.

விலையை அசையவிடாமலே சமாளித்த இடமும் உண்டு. லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவில் ரும்பக் போன்ற கிராமங்களில், பனிச் சிறுத்தையைக் காப்பாற்றும் முயற்சியின் பகுதியாக 2000களின் தொடக்கத்தில் வீட்டுத் தங்கல் ஆரம்பித்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே கட்டணம். வருபவர் எந்த வீட்டுக்குப் போவது என்பதற்கு முறை வைத்திருக்கிறார்கள். ஆட்டைச் சிறுத்தை அடித்தாலும் அதைக் கொல்லாமல் விட ஊரே ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால், வருமானம் ஊருக்கே வர வேண்டுமல்லவா? சில வீடுகள் மட்டுமே உள்ள ஊரில் இது நடக்கும். எண்ணற்ற வீடுகள் போட்டியிடும் குடகில் யார் யாருக்கு முறை வைப்பது?

குடகில் கடைசியாகச் சோதிப்பது மழைக்காலம். ஜூன் முடிவிலிருந்து விருந்தினர் குறைவார்கள். 2018 ஆகஸ்டில் மலைச் சரிவுகள் ஊர்களை மூடியபோது சுற்றுலாவையே தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருந்தது. சாதாரண மழை வருஷத்திலும், விரிப்பு மூன்று நாளாகியும் காயாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டருக்கு டீசல். சுவரில் பூஞ்சை. விலை இறங்கும் அதே மாதத்தில் அடிவிலை ரூ. 1,060இலிருந்து 1,400க்கோ அதற்கு மேலோ ஏறிவிடுகிறது. செல்போனில் தளத்தின் யோசனை வந்து விழும்: உங்கள் பகுதியில் தேடல் குறைவு, விலையைக் குறையுங்கள். கணக்குத் தெரிந்த வீட்டுக்காரர்கள் அந்த வாரங்களில் திங்கள் முதல் வியாழன் வரை காலண்டரை மூடிவிட்டு, ஓடு மாற்ற ஆளைக் கூப்பிடுகிறார்கள்.