வரிசை எண் இல்லாத காத்திருப்பு

அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவர் சிலையை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். 1991இல் நிறுவிய சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் நாள்தான் திறப்பு விழாக் கண்டது. மேலிடத்து ஒப்புதலுக்காகக் காத்துக் கிடப்பதென்றால் என்னவென்று பெங்களூர்த் தமிழனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் சிலைக்கு வயதாவதில்லை, மனிதருக்கு ஆகிறது.

சென்ற மாதம் நம் வாசகர் ஒருவர் சங்கத்துக்கு வந்திருந்தார். மகன் அமெரிக்காவில் பொறியாளர். பதினோரு ஆண்டுகளாகப் பச்சை அட்டைக்குக் காத்திருக்கிறான். இதைப் பற்றி நமது இதழ் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று வருத்தத்தோடு கேட்டார். கேள்வி நியாயமானதே. வேலையின் பேரில் நிரந்தரக் குடியிருப்பு கேட்போருக்கு அமெரிக்கா ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000 இடங்கள் வைத்திருக்கிறது. எந்த ஒரு நாட்டாருக்கும் நூற்றுக்கு 7க்கு மேல் இல்லை என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். சின்னஞ்சிறு நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே அளவுகோல்! அநீதிதான், மறுக்கவில்லை.

ஆயினும் அந்தப் பெரியவரிடம் நாம் ஒன்று கேட்டோம். உங்கள் மகனுக்கு வரிசையில் ஒரு தேதி இருக்கிறதல்லவா? மாதந்தோறும் அந்த நாட்டு அரசு வெளியிடும் அறிக்கையைப் பார்த்து, வரிசை நகர்ந்ததா இல்லையா என்று அறிகிறான் அல்லவா? வரிசையே இல்லாமல், எண்ணே இல்லாமல், விண்ணப்பத் தாளை வாங்கிக்கொள்ள ஆளே இல்லாமல் நாற்பது ஆண்டு காத்திருக்கும் தமிழர்கள் இங்கிருந்து ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறார்கள் என்றோம். யார் என்று கேட்டார். அவர் கேட்டதில் வியப்பில்லை. நம்மில் பலர் அவர்களை மறந்துவிட்டோம்.

தமிழக முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழரைத்தான் சொல்கிறோம். 2021ஆம் ஆண்டுக் கணக்கில் முகாம்களுக்குள் சுமார் 58 ஆயிரம் பேர். வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்வோர் சுமார் 34 ஆயிரம் பேர். அந்த ஆண்டு தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. வீடு கட்டவும் பணம் ஒதுக்கியது. நல்லதே. ஆனால் குடியுரிமை கொடுக்கும் கை சென்னையில் இல்லை, டில்லியில் இருக்கிறது.

முகாமில் உள்ளோரில் பாதிக்கு நெருக்கமானோர் மலையகத் தமிழர். இவர்கள் கதை 1983இல் தொடங்கவில்லை. 1948இலும் 1949இலும் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டங்கள், தேயிலைத் தோட்டத்தை உருவாக்கிய மக்களையே நாடற்றவர் ஆக்கின. எட்டு லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பம் போட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இந்திரா காலத்தில் சரிபாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து நிறுத்துப் பங்கு போட்டது போல மனிதரைப் பங்கு போட்டார்கள். பங்கு போடப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்டார் இல்லை.

அந்த ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியவர்கள் இந்தியக் குடிமக்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நம் கருநாடகத்திலேயே இருக்கிறார்கள். சுள்ளியாவிலும் புத்தூரிலும் வனத்துறைக் கழகத்தின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்தார்கள். பிள்ளைகள் கன்னடமும் துளுவும் பேசுகிறார்கள், வாக்களிக்கிறார்கள். சாதிச் சான்றிதழ் போன்றவற்றுக்கு அவர்கள் பட்ட பாட்டை இன்னொரு முறை எழுதுவோம்.

ஆனால் அதே லயத்தில், அடுத்த காம்பிராவில் இருந்த குடும்பம் என்ன ஆயிற்று? ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று 1982இல் இந்தியா கைகழுவியது. 1984இல் கப்பலும் நின்றது. விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவனும், கடவுச்சீட்டு கையில் இருந்தும் கப்பல் கிடைக்காதவனும் அப்படியே நின்றார்கள். 1983 சூலைக் கலவரத்தில் வீடு எரிந்தபின் கிடைத்த படகில் ஏறினார்கள். கப்பலில் வந்த அண்ணன் குடிமகன். படகில் வந்த தம்பி அகதி. சட்டத்தின் ஏட்டிலோ இன்னும் மோசம்: "சட்டவிரோதக் குடியேறி". 2003ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அந்தப் பெயர் சூட்டப்பட்டவர் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கவே முடியாது.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கும் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். 1987 சூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் அந்த விதியும் இறுகிவிட்டது. ஆக, 1986இல் மண்டபத்தில் பிறந்த அக்காள் இந்தியப் பெண், 1988இல் அதே கூரையின் கீழ் பிறந்த தம்பி அந்நியன். அந்த அக்காளுக்கும் உரிமை தானாக வந்துவிடவில்லை. அப்படிப் பிறந்த ஒருவர் உயர்நீதிமன்றப் படி ஏறிக் கடவுச்சீட்டு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில்தான் முதன்முதலாக வாக்களித்தார். முகாமில் இன்னும் எத்தனை பேருக்கு இந்த உரிமை இருக்கிறதென்று எந்த அரசாவது வீடு வீடாகச் சென்று சொன்னதுண்டா?

2019 சூன் மாதம் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த 65 மலையகத் தமிழரின் வழக்கில், புதிய விண்ணப்பங்களைப் பெற்று நடுவணரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்றார். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இடம்பெற்றன, இலங்கை இல்லை. இந்துக்களுக்காகக் கொண்டுவந்தோம் என்று மார்தட்டியவர்களுக்கு, மாரியம்மன் கோயில் கட்டிக் கும்பிடும் மலையகத்தான் கண்ணில் படவில்லை போலும்! முஸ்லிம்களை விலக்கியதை எதிர்த்தது போலவே இதையும் நாம் எதிர்க்கிறோம்.

2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு. வரவேற்கிறோம். ஆனால் குடியுரிமை பற்றி அதில் ஒரு சொல் இல்லை. சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது வேறு, வீட்டுக்குள் வா என்பது வேறு.

நாடற்றவர் ஆக்கிய இலங்கையே 1988இலும் 2003இலும் சட்டம் இயற்றி, தன் மண்ணில் எஞ்சியிருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்துக் கணக்கை முடித்தது. ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்திட்ட இந்தியா முடிக்கவில்லை. எல்லாரும் இங்கேயே இருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. யாழ்ப்பாணமும் வன்னியும் திரும்ப விரும்புவோர் மதிப்போடு திரும்பட்டும். திரும்ப ஊரே இல்லாத மலையகத்தாரின் விண்ணப்பத்தை வாங்குங்கள். முகாமில் கழித்த ஆண்டுகளை இந்தியாவில் வாழ்ந்த ஆண்டுகளாக எண்ணுங்கள். தமிழர் வாக்கில் வென்ற பெங்களூர் உறுப்பினர்கள் இதை டில்லியில் எழுப்ப வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சுள்ளியா, புத்தூர், பெங்களூர்க் குடும்பங்களில் பழைய தகரப்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கண்டி இந்திய உதவித் தூதரகம் தந்த கடவுச்சீட்டு, குடும்ப அட்டை இருந்தால் தூக்கி எறியாதீர்கள். முகாமில் உள்ள உங்கள் தம்பிக்கோ அத்தைக்கோ, தன் மூலம் எதுவென்று காட்ட அந்த ஒரு தாள்தான் சான்றாகலாம். படியெடுத்து ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் கொடுங்கள், வழக்கறிஞர்களிடம் சேர்ப்பிக்கிறோம். அமெரிக்க மகனின் தந்தை, படியெடுக்கும் செலவைத் தாம் ஏற்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.