கொச்சிக் காலும் புழுவின் ஜீன் வரிசையும்

மேல்நாட்டார் நூல்களில் ஒரு காலத்தில் 'கொச்சிக் கால்' என்று ஒரு நோய்ப்பெயர் வழங்கி வந்தது. யானைக்கால் நோயையே அப்பெயர் குறித்தது. 1709ஆம் ஆண்டில் கிளார்க் என்பவர் கொச்சியில் கண்ட வீங்கிய கால்களை 'மலபார்க் கால்கள்' என்று குறித்திருக்கிறார். மலையாள மக்கள் இதனை 'மந்து' என்பர். மிளகினாலும் துறைமுகத்தினாலும் புகழ் பெற்ற ஓர் ஊர், நோயினாலும் அறியப்பட நேர்ந்தது வருந்தத்தக்கதே. ஆனால் ஜீன்களையும் புரதங்களையும் எழுத்தெழுத்தாகப் படித்து, மருந்துக்குரிய இலக்குகளையும் நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்களையும் கண்டறியும் இன்றைய ஆராய்ச்சி எதனைச் சாதிக்கும், எதனைச் சாதிக்காது என்பதை எடை போடுவதற்கு, மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் கடல் மட்டத்தை ஒட்டிய தாழ்நிலங்கள். சிறிது தோண்டினாலே நீர் ஊறும். சாக்கடை நீர் வடிய வழியின்றித் தேங்கும். அந்த அழுக்கு நீரில் க்யூலெக்ஸ் கொசு பெருகி, வுச்சரேரியா பாங்கிராஃப்டி என்னும் புழுவைப் பரப்புகிறது. அங்கிருந்து தெற்கே சேர்த்தலைக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே தென்னந்தோப்புகளுக்கு இடையிலுள்ள குளங்களில் ஆகாயத்தாமரை மண்டும். அதன் வேர்களைத் துளைத்து மூச்சுக் காற்றை எடுத்துக்கொண்டு வளரும் மான்சோனியா கொசுவின் புழுக்கள், பின்னர் புரூகியா மலாயி என்னும் வேறொரு யானைக்கால் புழுவைப் பரப்பும் கொசுக்களாகின்றன. திருவிதாங்கூரில் இந்நோயின் போக்கை எம். ஓ. டி. ஐயங்கார் ஆராய்ந்து 1938இல் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது. இரவு நேரத்தில் விரல் நுனியில் எடுத்த இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி நோக்கும் பணியாளர், இவ்விரு புழுக்களையும் வாலைக் கண்டே வேறுபடுத்துவார்: புரூகியாவின் வால் நுனியில் இரண்டு உட்கருக்கள் தெரியும், வுச்சரேரியாவின் வால் நுனியில் ஒன்றும் இராது.

இந்தப் புரூகியா மலாயியின் ஜீன் தொகுதிதான் 2007ஆம் ஆண்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. மனிதரைப் பற்றும் உருளைப் புழுக்களுள் முதன்முதல் இவ்வாறு படிக்கப்பட்டது இதுவே. சுமார் 9 கோடி எழுத்துகள். அவற்றில் புரதங்களை ஆக்கும் ஜீன்கள் ஏறத்தாழ 11,500. வரிசையைப் படிப்பது வேறு, பொருள் கொள்வது வேறு. டி.என்.ஏ.வில் மூன்று மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் கோக்கப்பட்ட சரமே புரதம். ஒரு புழுவின் புரதச் சரத்தை, ஏற்கனவே நன்கு அறியப்பட்ட மற்றோர் உயிரின் சரத்துடன் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், எது எதற்கு இனம், எது எங்கே மாறியது என்பது விளங்கும். மண்ணில் வாழும் சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு புழுவின் ஜீன் தொகுதி 1998இலேயே வெளியாகியிருந்தது. அதில் எந்த ஜீனை முடக்கினால் புழு சாகும் என்பது ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டிருந்தது. அந்த ஜீனுக்கு இனமான ஜீன் யானைக்கால் புழுவிலும் இருந்து, மனிதனிடம் இல்லாமலோ பெரிதும் வேறுபட்டோ இருக்குமானால், அதன் புரதம் மருந்துக்கு ஏற்ற இலக்காகலாம். முறை இவ்வளவுதான்.

இது வீண் கற்பனையன்று என்பதற்குப் பழைய மருந்துகளே சாட்சி. ஐவர்மெக்டின் புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள ஒருவகைக் குளோரைடு வாயிலைத் திறந்து வைத்து அதனை முடக்குகிறது. அந்த வாயில் முதுகெலும்புள்ள உயிர்களிடம் இல்லை. ஆல்பெண்டசோல் பீட்டா டியூபுலின் என்னும் புரதத்தைப் பற்றுகிறது. அந்தப் புரதச் சரத்தின் 200ஆம் இடத்தில் ஃபீனைல் அலனீனுக்குப் பதில் டைரோசின் வந்துவிட்டால், ஆடுகளின் குடற்புழுக்கள் இம்மருந்தை எதிர்த்து வாழ்கின்றன. ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். இதே மாற்றம் மேற்கு ஆப்பிரிக்காவின் வுச்சரேரியாப் புழுக்களிலும் காணப்பட்டதாக 2005இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். புதுச்சேரிக் கொசு ஆராய்ச்சி மையத்தார் இந்தியப் புழுக்களில் அதனைத் தேடும் சோதனை முறையொன்றை 2009இல் வெளியிட்டனர். மருந்து ஊட்டும் திட்டம் எங்கே தளர்கிறது என்பதை, மீண்டும் கால்கள் வீங்கும் வரை காத்திராமல் முன்கூட்டியே அறிவதற்கு இதனைவிட நேரான வழி இல்லை.

ஜீன் வரிசையால் கிட்டிய மிக அழகிய தெளிவு, புழுவுக்குள் வாழும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவைப் பற்றியது. 1970களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இது வெறும் உருண்டையாகத்தான் தெரிந்தது. 2005இல் இதன் ஜீன் தொகுதி, சற்றேறக்குறைய 10 லட்சத்து 80 ஆயிரம் எழுத்துகள், படிக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்துப் புழுவின் வரிசையும் வந்தபின், இரண்டு கணக்குப் புத்தகங்களையும் ஒத்துப் பார்ப்பதுபோல் ஒப்பிட முடிந்தது. 'ஹீம்' என்னும் பொருளை ஆக்கும் நொதிகளில் பெரும்பாலானவை புழுவிடம் இல்லை, பாக்டீரியாவிடம் உள்ளன. ரைபோஃபிளேவினும் அவ்வாறே. குடித்தனக்காரன் வீட்டுக்காரனுக்குச் சமைத்துப் போடுவது போன்ற ஏற்பாடு! அப்படியானால் பாக்டீரியாவைக் கொன்றால் புழுவும் நலியும். டாக்சிசைக்ளின் என்னும் பழகிய மருந்து இதனைச் செய்வது மனிதரிடமே மெய்ப்பிக்கப்பட்டுள்ளது; வளர்ந்த புழுக்களும் சாகின்றன.

எனினும் இங்கே களப் பணியாளர் ஒரு கேள்வி கேட்பார், கேட்பதும் நியாயமே. அந்த மருந்தை நாள்தோறும், நான்கு முதல் ஆறு வாரங்களோ அதற்கு மேலோ உட்கொள்ள வேண்டும். கருவுற்ற பெண்களுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் அது கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை விழுங்க வேண்டிய மாத்திரையையே வாங்கி அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் எத்தனை என்பது வாசல் வாசலாக ஏறி இறங்கியவருக்குத் தெரியும். ஆறு வார மருந்தை ஓர் ஊர் முழுவதற்கும் ஊட்டுவது எங்ஙனம்? வரிசை ஆராய்ச்சி இலக்கைக் காட்டியது. இலக்கை எட்டும் அம்பு இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது.

மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்னும் உறவுப் புழு ஒன்று உண்டு. அதனுள் வோல்பாக்கியா இல்லை. ஆயினும் அது நன்றாகவே வாழ்கிறது. 2013இல் அதன் ஜீன் தொகுதி வெளியானபோது, பாக்டீரியா இல்லாக் குறையை ஈடுகட்டத் தனி ஜீன்கள் அதனிடம் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். அத்தகைய வேறுபாடு தெளிவாக ஒன்றும் தென்படவில்லை. பட்டியலில் 'இது அவசியம்' என்று எழுதப்பட்டிருப்பதெல்லாம் உயிரில் அவசியமாய் இருந்தே தீரும் என்பதில்லை.

வெளிப்படையாகச் சொல்வதானால், 2007இல் அத்தனை இலக்குகள் காட்டப்பட்ட பிறகும், ஊர் மக்களுக்கு ஊட்டப்படும் யானைக்கால் மருந்துகளில் அந்தப் பட்டியலிலிருந்து பிறந்தது ஒன்றுகூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்த மும்மருந்து முறையில் உள்ளவை ஐவர்மெக்டின், டை எத்தில் கார்பமசின், ஆல்பெண்டசோல் ஆகியவையே. முதலாவது, ஜப்பானிய மண்ணில் கண்ட நுண்ணுயிரிலிருந்து வந்தது. இரண்டாவது 1947இல் கண்டுபிடிக்கப்பட்டது. அது புழுவின் எந்த உறுப்பைத் தாக்குகிறது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேல் புதிராகவே இருந்து வந்தது. இலக்கு தெரியாமலே ஒரு மருந்து கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது; இலக்கு தெரிந்தும் மருந்து வராமல் இருக்கிறது. ஆகவே வரிசை ஆராய்ச்சியே இனி எல்லாம் என்போரின் பேச்சைச் சற்றுக் குறைத்தே மதிக்க வேண்டும். அதற்காக அது வீண் செலவு என்போர் கூற்றும் ஏற்கத்தக்கதன்று. மருந்தில் தாமதித்த பயன், நோயைக் கண்டறிவதில் முன்னதாகவே கிட்டிவிட்டது.

யானைக்கால் புழு உடலில் இருந்தால், ஐஜிஜி4 என்னும் வகை எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிகுகிறது. புழுவின் ஜீன் துண்டுகளைத் தனித்தனியே பாக்டீரியாவில் நுழைத்து, ஒவ்வொன்றையும் ஒரு புரதத் துண்டை ஆக்கச் செய்து, அவற்றின்மீது நோயாளியின் இரத்த நீரைப் படரவிட்டால், எதிர்ப்பொருள் எந்தத் துண்டைப் பற்றுகிறதோ அதுவே வேண்டிய துண்டு. அதன் வரிசையைப் படித்து, பிற குடற்புழுக்களின் புரதங்களோடு ஒப்பிட்டு, குழப்பம் நேராது என்று உறுதி செய்யலாம். மலேசியாவில் ரஹ்மா நூர்தின் குழுவினர் இவ்வழியே கண்ட பி.எம்.ஆர்.1 என்னும் புரதம், புரூகியா நோய்க்குச் சில நிமிடங்களில் விடை கூறும் சோதனைப் பட்டையாயிற்று. இரவில் கண் விழித்து இரத்தம் எடுக்க வேண்டுவதில்லை, பகலிலேயே எடுக்கலாம்.

ஆனால் மட்டாஞ்சேரியில் பயன்படுவது இதுவன்று. அங்குள்ள வுச்சரேரியாவுக்கு, புழு வெளியிடும் ஆன்டிஜெனைப் பற்றும் வேறு சோதனை உண்டு. அதிலுள்ள ஏ.டி.12 என்னும் எதிர்ப்பொருள் பற்றுவது புரதத்தின் அமினோ அமிலச் சரத்தையன்று, அதன்மேல் ஒட்டியுள்ள சர்க்கரைப் பகுதியை. சர்க்கரையின் அமைப்பை ஜீன் வரிசை நேராக எழுதி வைப்பதில்லை. அதாவது, அந்நகருக்கு மிகவும் பயன்பட்ட சோதனை, வரிசையை மட்டும் எத்தனை முறை புரட்டினாலும் கிட்டியிராது. அந்தச் சோதனையோ சேர்த்தலைப் புழுவைக் காட்டாது. அடுத்தடுத்த இரு ஊர்களுக்கு இரு வேறு சோதனைகள் வேண்டும் என்பதைத் திட்டம் வகுப்போர் மறக்கலாகாது.

இதிலிருந்து செய்ய வேண்டுவதும் ஒன்று தெரிகிறது. 2007இல் படிக்கப்பட்ட புரூகியா, ஆய்வகத்து எலிகளில் பல தலைமுறை வளர்ந்த புழு. வுச்சரேரியாவின் வரிசையொன்று 2016இல் பப்புவா நியூகினியாப் புழுக்களிலிருந்து கிடைத்தது. மாத்திரைகளை ஆண்டுதோறும் எதிர்கொண்டு வந்திருக்கும் கொச்சிப் புழுவில் 200ஆம் இடம் எப்படி இருக்கிறது என்பதை அந்தப் புத்தகங்கள் கூறமாட்டா. கொச்சி இரத்தத்தைப் பார்த்தே அறிய வேண்டும். 1955 முதல் யானைக்கால் தடுப்புத் திட்டத்தின் இரவுக் குழுவினர் சேர்த்து வந்த தகடுகளைப் போல, இனி எடுக்கும் இரத்தத் துளிகளில் ஒன்றை வடிதாளில் உலர்த்தி, இடமும் நாளும் குறித்து, உரியவரின் இசைவுடன் காத்து வைப்பது பெருஞ்செலவன்று. பெரிய இயந்திரங்கள் வாங்குவதற்கு முன் இதற்கே பணம் ஒதுக்கத்தகும். முன்பே வீங்கிவிட்ட கால்களுக்கோ எந்த வரிசையும் உதவாது. சோப்பும் தண்ணீரும், விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்தலும், காலை உயர்த்தி வைத்தலும்தான் அவற்றுக்குரிய மருத்துவம். தாழ்வான அறைகளில் வாழ்பவர்க்கு அந்த ஈரமில்லாமையே அரிய பொருளாக இருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் இதில் வேலை உண்டு. பரவல் நின்றுவிட்டதா என்று கணிக்கும் சோதனை, 6, 7 வயதுக் குழந்தைகளிடம், பெரும்பாலும் பள்ளியிலேயே நடைபெறுகிறது. எதிர்ப்பொருள் புழு செத்த பின்னும் சில காலம் இரத்தத்தில் நிற்கும். ஐம்பது வயதுக்காரரிடம் அது இருப்பது பழைய கதையாக இருக்கலாம். ஆறு வயதுக் குழந்தையிடம் இருந்தால், அண்மை ஆண்டுகளில் கொசு அப்புழுவைக் கொண்டுவந்திருக்கிறது என்றே பொருள். பட்டையில் கோடு விழுந்த குழந்தை நோயாளி ஆகிவிடவில்லை. அதன் கால் வீங்கப்போவதாகவும் அதற்குப் பொருளில்லை. சிகிச்சை அளித்து, அந்தத் தெருவை மீண்டும் சோதிப்பார்கள். பட்டையைக் கண்டு கலங்கி வகுப்பறை வாசலில் வந்து நிற்கும் தாயிடம் இவ்வளவையும் நிதானமாகச் சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் ஆசிரியராகவே இருப்பார்.