அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றும் செலவு யார் தலையில்?

விடியற்காலை நான்கு மணிக்குத் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போனால், இந்த ஊர்ச் சாப்பாடு எதில் ஏறிப் போகிறது என்று தெரியும். லாரியில் வந்து இறங்கும் சரக்கில் குட்டியானையில் ஏறுவது பாதி, மீதியில் பெரும்பங்கு எக்ஸ்எல் வண்டிகளில்தான் போகிறது. கால் வைக்கும் இடத்தில் தக்காளிப் பெட்டி, பின்னால் கோஸ் மூட்டை, ஹேண்டிலின் இரண்டு பக்கமும் கீரைக் கட்டு. மெஸ் நடத்துபவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், தெருமுனைக் காய்கறிக் கடைக்காரர்கள் என்று எல்லோரும் இப்படித்தான் உறையூருக்கும் திருவெறும்பூருக்கும், காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கும் போகிறார்கள். வண்டிக் கண்ணாடியில் ஒரு ஹெல்மெட் தொங்கும். போலீஸ் நிற்கும் இடம் வந்தால் அது தலைக்கு ஏறும். பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் ஒரு பக்கம் தார்ச்சாலையில் தேய்ந்து வெளுத்திருக்கும். ஓரத்து விரிசலைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஏற்கெனவே ஒருமுறை விழுந்து, ஆளைக் காப்பாற்றிவிட்டு, மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்ட ஹெல்மெட் அது.

ஹெல்மெட் போட வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை இங்கே ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அடிபட்ட ஹெல்மெட்டை என்ன செய்வது என்ற பேச்சை மட்டும் இன்னும் யாரும் தொடங்கவில்லை. இதில் நம் நிலைப்பாடு இதுதான்: விபத்தில் தலையோடு சேர்ந்து அடி வாங்கிய ஹெல்மெட்டை, வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மறுபடி போடக்கூடாது. புதியது வாங்கும் செலவை அடிபட்டவர் தலையிலேயே கட்டுவதும் கூடாது.

முதலில், ஏன் மாற்ற வேண்டும்? ஹெல்மெட்டின் பளபளப்பான ஓடுதான் நம்மைக் காப்பாற்றுகிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். ஓட்டுக்கு இருப்பது பாதி வேலைதான்: கூர்மையானது எதுவும் உள்ளே இறங்காமல் தடுப்பதும், விழுந்த அடியை அகலமாகப் பரப்புவதும். மிச்ச வேலையெல்லாம் உள்ளே, துணி மெத்தைக்குப் பின்னால் இருக்கும் தெர்மாகோலுடையது. தலை தரையில் மோதி நிற்பதற்கு ஆகும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு. அந்த நேரத்தைச் சற்றே நீட்டிக் கொடுத்தால் மூளை தப்பிக்கும். தெர்மாகோல் நசுங்கி, தான் அழிந்து, அந்தச் சில மில்லி வினாடிகளை வாங்கித் தருகிறது. நசுங்கியது திரும்ப எழாது. புது டிவி வந்த பெட்டியிலிருந்து ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விழுந்த பள்ளம் அப்படியே நிற்கும். அதே இடத்தில் மறுபடி அழுத்தினால் விரலுக்கு நேராகக் கல்தரைதான். இரண்டாவது விபத்தில் மண்டைக்கும் அப்படித்தான்.

இந்தப் பள்ளம் கண்ணில் படாது என்பதுதான் சிக்கல். பிளாஸ்டிக் ஓடு வளைந்து கொடுத்துவிட்டுப் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். உள்ளே நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும். மெத்தையைக் கழற்றிப் பார்த்தாலும், தெர்மாகோலின் உட்புறம் வழவழப்பாக இருக்க, ஓட்டை ஒட்டிய வெளிப்புறம் அமுங்கிப் போயிருக்கலாம். விபத்துக்குப் பிறகு தட்டிப் பார்த்து, திருப்பிப் பார்த்து, “ஒண்ணும் ஆகலை, நல்லாத்தான் இருக்கு” என்று மெக்கானிக் சொல்வதை நம்பிவிட முடியாது. கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமில்லை அது.

இந்த அறிவு உயிர்களைக் கொடுத்து வாங்கியது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பெயர் பெற்ற டி.இ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து ஆறாம் நாள் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ் அத்தோடு விடவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலையில் அடிபட்டவர்களை ஆராய்ந்து 1941-ல் அவர் எழுதிய கட்டுரை, ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட்டைக் கொண்டுவர வழி செய்தது. நசுங்கி அடியை விழுங்கும் உள்ளடுக்கு என்ற யோசனைக்கு 1953-ல் அமெரிக்காவில் லொம்பார்டும் ராத்தும் காப்புரிமை பெற்றார்கள். பீட் ஸ்னெல் என்ற கார் பந்தய வீரர் 1956-ல் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். ஹெல்மெட் போட்டிருந்தும் அது காக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் பெயரில் உருவான ஸ்னெல் அறக்கட்டளை இன்றும் ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறது. விபத்தில் அடிபட்டதை மாற்ற வேண்டும், அடியே படாவிட்டாலும் ஐந்தாண்டில் மாற்றுவது நல்லது என்பது அதன் அறிவுரை.

ஐந்தாண்டுக் கணக்கில் விவாதத்துக்கு இடமுண்டு. வியர்வை, எண்ணெய், வெயில் இவற்றால் ஹெல்மெட் தளர்வது உண்மை. ஆனால் எல்லா ஹெல்மெட்டும் ஒரே வேகத்தில் தளர்வதில்லை. அதேபோல, வண்டி டேங்கின் மேல் வைத்தது நழுவிக் கீழே விழுந்துவிட்டது என்பதற்காக உடனே தூக்கி எறிய வேண்டியதில்லை. தலையின் எடை உள்ளே இல்லாமல் விழும் வெற்று ஹெல்மெட்டின் தெர்மாகோல் அவ்வளவாக நசுங்காது. தலை உள்ளே இருக்க அடி விழுந்ததா என்பதுதான் கேள்வி. ஆம் என்றால் மறுபேச்சுக்கு இடமில்லை.

சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு தர நிர்ணயத்துக்கு உட்பட்ட ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. மீறினால் 2019-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஆயிரம் ரூபாய் அபராதம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிக்கவும் விற்கவும் 2021 ஜூன் 1 முதல் தடை. தாள் அளவில் எல்லாம் சரி. ரோட்டில் நிற்கும் காவலர் பார்ப்பது தலையில் ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டும்தான். கெடுபிடி தொடங்கினால் சாலையோரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு இருநூறுக்கும் முந்நூறுக்கும் விற்பதும், அடிபட்டு ஒட்டுப்போட்டதும், முத்திரை பெற்ற புதியதும் அபராதச் சீட்டுக்கு ஒன்றுதான்.

இதைவிடக் கூர்மையாகப் பார்த்த காலமும் உண்டு. 2015-ல் நீதிபதி என். கிருபாகரனின் உத்தரவால் ஜூலை 1 முதல் தமிழகத்தில் ஹெல்மெட் மறுபடி கட்டாயமானபோது, பிடிபட்டவர்கள் ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டையும் அதை வாங்கிய ரசீதையும் காட்டினால்தான் வாகன ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றிருந்தது. அன்று அதைப் பார்த்து முணுமுணுத்தோம். ரசீது கேட்டது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

தலையில் ஏதாவது இருந்தால் போதும் என்ற பார்வை கணக்கையும் கெடுக்கிறது. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதே ஆண்டு 64,105 விபத்துகளோடு பட்டியலில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. அந்த ஐம்பதாயிரத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மீதி ஏறத்தாழ 25 ஆயிரம் பேர்? நெஞ்சிலும் வயிற்றிலும் அடிபட்டு இறந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். எந்த ஹெல்மெட்டும் காப்பாற்ற முடியாத வேகத்தில் மோதியவர்களும் இருப்பார்கள். எத்தனை பேர் கிளிப்பை மாட்டாமல் போனார்கள், எத்தனை பேர் தலையில் போலி முத்திரை, எத்தனை பேர் தலையில் முன்பே நசுங்கியது என்பதை இந்த எண்கள் சொல்வதில்லை. விபத்து விவரப் பதிவில் ‘ஹெல்மெட் அணிந்திருந்தாரா’ என்ற கேள்வியோடு முத்திரை இருந்ததா, கிளிப் மாட்டியிருந்ததா, ஹெல்மெட் சேதமா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்தால் ஒரே ஆண்டில் நமக்கு விடை கிடைத்துவிடும்.

அடுத்தது பணம். இதைச் சொல்லாமல் ‘மாற்றுங்கள், மாற்றுங்கள்’ என்று உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. முத்திரை பெற்ற சாதாரண ஹெல்மெட் ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு மாலைச் செலவு. மண்டியில் கடனுக்குச் சரக்கெடுத்து, மாலைக்குள் விற்று, வட்டியோடு கட்டுபவருக்கு அது ஒரு நாளைய மொத்த வருமானமாகவும் இருக்கும். பால்பண்ணை ரவுண்டானாவில் வேன் இடித்து விழுந்தவருக்கு வண்டி ரிப்பேர், சரக்கு நஷ்டம், கைக்கட்டோடு ஒரு வாரம் வேலையின்மை என்று எல்லாம் சேர்ந்து வரும். அந்த வாரத்தில் அவர் புது ஹெல்மெட் வாங்குவார் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

வாங்கிக் கொடுக்க வழி இருக்கிறது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களின் தீர்ப்புகளைப் படித்தவர்களுக்கு ஒரு வரி பழக்கமானது: மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, கூடவே ‘ஆடைச் சேதம்’ என்று ஒரு சிறு தொகை. கிழிந்த சட்டைக்கு இழப்பீடு தருகிறோம். உயிரைக் காத்து நசுங்கிய ஹெல்மெட்டுக்குத் தனி வரி இல்லை. மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்தையும் இந்தத் தீர்ப்பாயங்கள் விசாரிக்கலாம் என்று சட்டத்தின் 165-வது பிரிவே சொல்கிறது. ஆகவே புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். மனு எழுதும் வழக்கறிஞர் ஒரு வரி சேர்க்க வேண்டும், தீர்ப்பாயம் அதை வழக்கமாக ஏற்க வேண்டும், காப்பீட்டு நிறுவனம் இந்தச் சிறு தொகைக்கு முட்டுக்கட்டை போடாமல் கொடுக்க வேண்டும். ஹெல்மெட் போடாதவருக்கு இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழித்த தீர்ப்புகள் உண்டு. போட்டவருக்கு அதன் விலையையாவது கொடுப்பதுதானே நியாயம்?

யார் மீதும் மோதாமல், மணலிலோ மழைப் பள்ளத்திலோ சறுக்கி விழுந்தவருக்கு இந்த வழி உதவாது. எதிர்த்தரப்பும் இல்லை, வழக்கும் இல்லை. அங்கே நல வாரியங்கள் கைகொடுக்கலாம். மின் ஸ்கூட்டர் வாங்க இணையவழித் தொழிலாளர்கள் 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. நல்ல திட்டம். அந்தத் தொகையில் இருபதில் ஒரு பங்கு ஒரு ஹெல்மெட்டின் விலை. டெலிவரி ஊழியருக்கும், அமைப்புசாரா வாரியத்தில் பதிந்த காய்கறி வியாபாரிக்கும், சுமைப்பணியாளருக்கும் அடிபட்ட ஹெல்மெட்டைக் கொடுத்துப் புதியது பெறும் வசதியை வாரியம் செய்து தர வேண்டும். மேலைநாடுகளில் சில சைக்கிள் ஹெல்மெட் நிறுவனங்கள் விபத்தில் சேதமானதற்குப் பதிலாகத் தள்ளுபடி விலையில் புதியது தருகின்றன. நம் ஸ்டட்ஸும் ஸ்டீல்பேர்டும் வேகாவும் இதைச் செய்ய முன்வரலாம். மத்திய அரசு தன் பங்குக்கு, 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஹெல்மெட்டுக்கு வைத்த 18 சதவீத வரி உயிர்காக்கும் பொருளுக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும்.

‘இதெல்லாம் ஹெல்மெட் கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம்’ என்பார்கள். விற்பனை கூடும் என்பது மெய்தான். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஊசி மருந்திலும் கம்பெனி லாபம் பார்க்கிறது, அதற்காக ஒருவர் போட்ட ஊசியை அடுத்தவருக்குப் போடுவதில்லை. லாபத்தைக் கண்காணிக்கலாம், நசுங்கிய தெர்மாகோலுக்குத் திரும்ப உயிர் கொடுக்க முடியாது.

திருச்சியிலேயே, நாளைக்கே தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு. புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் தையல் போட்டுக் கட்டுப்போடும்போதே ‘அந்த ஹெல்மெட்டை இனிப் போடாதீர்கள்’ என்று ஒரு வரியைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். டாக்டர் எழுதினால் வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள். மாநகரக் காவல்துறை விடியற்காலையில் மார்க்கெட் வாசலில் ஒரு மேஜை போட்டு, அபராதப் புத்தகத்தை ஒரு நாளைக்கு மூடி வைத்துவிட்டு, வருகிற ஹெல்மெட்டுகளைச் சோதிக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேல் ஐ.எஸ். 4151 என்ற எண் இருக்கிறதா, கீழே உரிம எண் இருக்கிறதா, பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண் உண்மைதானா, கிளிப் மாட்டினால் நிற்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். புது இருசக்கர வாகனத்தோடு தரமான ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-வது விதி சொல்கிறது. அதைத் திருச்சி ஷோரூம்கள் ஒழுங்காகக் கடைப்பிடிக்கின்றனவா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் பார்க்கட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடிபட்ட ஹெல்மெட்டைக் கழிக்கும்போது முழுசாகப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள், இல்லாதவர் யாராவது போடட்டும் என்று கொடுத்தும் விடாதீர்கள். தாடைப் பட்டையைக் கத்தரித்து, உள்ளிருக்கும் தெர்மாகோலைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் போடுங்கள். அப்படியே போட்டால் துடைத்து, பெயின்ட் அடித்து, இன்னொருவர் தலைக்கு அது வந்து சேரும்.